அத்தைக்கு ஹார்ட் பவுண்ட்

எனக்கு ஏழு வயது இருக்கும். ஒரு சாயங்காலம் அத்தை போனில் பேசியதைக் கேட்டு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணமாகிப் போனவர், திரும்பி வந்து ஒத்தக்கடையில் எங்களோடுதான் இருந்தார். டாக்டர் பட்டத்துக்கு எழுதுகிறேன் என்று எழுதி எழுதிப் பாதியாக இளைத்திருந்தார். அன்று போனில், "உள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு பாய். தைச்சு, ஹார்ட் பவுண்ட் போட்டுறணும். நாளைக்கே வாரேன்" என்றார்.

ஹார்ட் எனக்குத் தெரிந்த சொல்தான். எதிர்வீட்டு மாமா ஹார்ட் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், திரும்பி வரவில்லை. தைப்பதும் தெரியும், என் முழங்காலிலேயே தையல் தழும்பு இருந்தது.

மறுநாள் அடம்பிடித்து அத்தையோடு பஸ் ஏறினேன். கூட்டத்தில் யாரும் அவர் நெஞ்சில் இடித்துவிடாதபடி குறுக்கே கையை நீட்டிக்கொண்டே நின்றேன். ஒரு பெரியவர் முறைத்தார்.

டவுனில் இறங்கிப் போனது ஆஸ்பத்திரிக்கு இல்லை. ஒரு சந்துக்குள், பசை வாடை அடிக்கும் சின்னக் கடை. உள்ளே பாய் பெரிய ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மயக்க ஊசி போட்டுட்டுத் தைங்க. எங்க அத்தைக்கு வலிக்கும்."

அத்தைக்குத்தான் முதலில் புரிந்தது. சிரிப்பில் அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பாய் மட்டும் சிரிக்காமல் ஒரு அட்டையை நீட்டினார்.

"தட்டிப் பாரும்மா. இப்பிடி வளையாத அட்டைய வச்சுக் கட்டுனா அது ஹார்ட் பவுண்ட். அம்புட்டுத்தான். தையல் புஸ்தகத்துக்கு, அத்தைக்கு இல்ல."

தட்டினேன். டொக் டொக் என்றது. உயிர் வந்தது. இருந்தாலும் ஒருமுறை அத்தையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தேன்.

அட்டையில் தங்க எழுத்தில் பெயர் அடிக்க வேண்டும். "இனிஷியல் எதும்மா போட? வீட்டுக்காரர் எழுத்தா?" என்று பாய் கேட்டார்.

அத்தை அட்டையைக் கையில் வாங்கித் தடவினார். பிறகு, "எங்கப்பா எழுத்தையே போடுங்க பாய்" என்றார், தேவைக்கு மேல் சத்தமாக. பாய் குறித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அத்தை பெரிதாக மூச்சு விட்டார். எனக்குப் பருத்திப்பால் வாங்கித் தந்தார். வீடு வரும்வரை சிரித்த முகமாகவே இருந்தார். நான் பயந்ததை நினைத்துத்தான் சிரிக்கிறார் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.