கிள்ளான் கச்சேரியில் செந்நாடா

காலை 7.20. பிரிக்பீல்ட்ஸில் மருமகன் வீட்டிலிருந்து கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கு நடந்தேன், 1,640 காலடி. கிள்ளானுக்கு இருபது மைலுக்கு மேல், மூன்றாம் வகுப்புச் சீட்டு நாற்பது காசு. வண்டியில் உட்காரும் பலகையைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தேன், அழுக்கில்லை. குறை சொல்ல வழியில்லாமல் போயிற்று.

எதிரே இருளாயி என்ற தோட்டத்துப் பெண். நோயாளிக் கணவர் துறைமுகக் கொட்டகையில் படுத்திருக்கிறாராம். கப்பல் இரண்டு மணிக்கு. ஊர் திரும்பும் உத்தரவு கிள்ளான் அரசாங்கக் கச்சேரியில் இருக்கிறது.

"ரெண்டு தபா போயும் வெறுங்கைதான் சாமி."

மனம் கேட்கவில்லை, கூடப் போனேன்.

10.10. கச்சேரி அலமாரியில் இருபத்துமூன்று கட்டுகள், எல்லாம் சிவப்பு நாடாவால் கட்டியவை. தாமதத்துக்கு ஆங்கிலேயர் 'ரெட் டேப்' என்பதை முப்பத்தொரு வருடம் பாடம் நடத்தியவன் நான். நாடாவை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். குமாஸ்தா யாழ்ப்பாணத்தவர்.

"சீமையில அரசாங்கப் பத்திரங்களை இப்படித்தான் கட்டுவினம் ஐயா. முடிச்சு அவிழுமட்டும் காரியம் நடவாது. சனம் கேலியாப் பிடிச்சுக்கொண்டது," என்றவர், இருளாயியிடம் கணவர் பெயரைக் கேட்டார்.

அவள் தலை குனிந்தாள்; புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்லாத வழக்கம். இரண்டு முறையும் அவளைத் திருப்பி அனுப்பியது நாடா அல்ல என்று அப்போதுதான் விளங்கியது.

குமாஸ்தா சலிக்கவில்லை. "சரி அம்மா, நான் வாசிக்கிறன். உங்கட ஆள் வந்தால் தலையாட்டுங்கோ." முதல் கட்டை அவிழ்த்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். நம் ஊரில் இந்நேரம் சேவகன் கழுத்தைப் பிடித்திருப்பான்.

10.46. மூன்று கட்டு முடிந்தது. கட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம். நான் விரல் விட்டு எண்ணுவதை அவள் பார்த்தாள்.

"எம்புட்டு நேரமாவும் சாமி?"

"இன்னும் நாலு மணி நேரம். கப்பல் போயிடும்."

அவள் மேசையருகே வந்தாள். "காத்தான் மவன் சடையன்." கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"முதலெழுத்துத் தெரிஞ்சால் போதுமே, கட்டெல்லாம் எழுத்து வரிசைதான்," என்று குமாஸ்தா பதினெட்டாம் கட்டை உருவினார். ஏழாவது தாள்.

பகல் 12.50. துறைமுகக் கொட்டகை. சடையன் தாளைத் தடவிப் பார்த்தார்.

"எப்பிடிடீ குடுத்தான்? முந்தி ரெண்டு தபா தொரத்துனானே."

"இந்த சாமிதான் பேசிக் குடுத்தாங்க," என்று அவள் என்னைப் பார்த்தாள்.

முப்பத்தொரு வருடம் பையன்களின் பொய்க்குப் பிரம்பெடுத்தவன், "ஆமாம்," என்றேன். கைத்தாங்கலாக அவரை ஏற்றினாள். பலகைப் படிகள் இருபத்திரண்டு. பெயரைச் சொன்னதை ஊரில் இறங்கிய பிறகும் அவள் அவரிடம் சொல்லமாட்டாள்.