தீர்த்தகிரியின் பொழுதுச் சக்கரம்

கோழி கூவியதும் தீர்த்தகிரி வாய் கொப்பளித்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மாட்டுக்கொட்டகை மூலையில் கிடக்கும் சாக்கை விலக்குகிறார். அடியில் ஒரு வெண்கலப் பெட்டி. அதற்குள் ஒன்றையொன்று கடித்தபடி பல் சக்கரங்கள். முகப்பில் சூரியன், பிறை, நண்டு, தேள். விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் கைப்பிடியை ஒரு பல் நகர்த்துகிறார். வெளியே வந்து கிழக்கே பார்க்கிறார். சூரியன் வருகிறது. சரி என்று தலையசைத்துவிட்டு மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடப் போகிறார்.

மல்லசமுத்திரத்துப் பக்கம் அவருடைய கிணற்றில் தூர் வாரும்போது அகப்பட்டது அது. யார், எதற்குச் செய்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. கிரகணம் பார்ப்பது என்றார் பூசாரி. குழந்தைகள் விளையாடும் செக்கு என்றார் எண்ணெய் ஆட்டுகிறவர். தீர்த்தகிரிக்குச் சந்தேகமே இல்லை. "எடுத்த மக்யா நாள் விடியால சும்மா திருப்புனனுங்க. பொழுது கெளம்பிருச்சு. வேறென்ன சாட்சி வேணுமுங்க?"

"அதுக்கு முன்னால யாருங்க மாமா திருப்புனது?" என்பான் பக்கத்துத் தோட்டத்துக் கண்ணுசாமி.

"முன்னோருங்க சுத்தி உட்ட மிச்சம்டா. தீர்ற சமயத்துல என்ர கைக்கு வந்திருக்குது."

"மோடம் போட்டுப் பொழுத மறச்சுட்டா?"

"எண்ணெய் பத்தலீன்னு அர்த்தம்."

ஆகவே அவர் வெளியூரில் இராத் தங்குவதில்லை. வாழப்பாடியில் கட்டிக்கொடுத்த மகள் ராசம்மாளுக்குக் குழந்தை பிறந்து தவழ்கிறது, இன்னும் பார்க்கவில்லை. இப்போது காதுகுத்து. மடி கொடுக்கத் தாய்மாமன் இல்லை. அவர்தான் கொடுக்க வேண்டும். 'இதுக்கும் வரலீன்னா அப்பன் ஊட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்' என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

"அந்தப் பொட்டியையும் வண்டில ஏத்துங்க" என்றாள் மனைவி பெருமாயி.

"வாழப்பாடிக்கு மட்டும் விடிஞ்சா, நம்மூரு இருட்டுல கெடக்கோணுமா புள்ள?"

"உங்களக் கட்டுன அன்னிக்கே எனக்கு இருட்டீருச்சுங்க."

கடைசியில் கண்ணுசாமியிடம் ஒப்படைத்தார். வெயில் முதுகைச் சுட்டால்தான் எழுந்திருக்கிறவன் அவன். "திருப்பீர்றனுங்க மாமா" என்றான், கொட்டாவி விட்டபடி.

வாழப்பாடியில் விடிகிற வேளையில் முகூர்த்தம். மடியில் பேத்தி. எல்லோரும் குழந்தையைப் பார்க்க, அவர் மலை முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வானம் சிவந்து வெகு நேரமாகியும் சூரியனைக் காணோம்.

"படுபாவி தூங்கீட்டான்" என்றார்.

ஆசாரி காதைக் குத்தினார். குழந்தை வீறிட்டது.

"அப்பா, இப்பவாச்சும் புள்ளயப் பாருங்கப்பா!" என்றாள் ராசம்மாள், குரல் உடைய.

பார்த்தார். பொன் கம்பியை முறுக்க வந்த ஆசாரியின் கையை விலக்கினார். இரண்டு விரலால் மெதுவாக, ஒரே ஒரு பல் அளவு, தானே முறுக்கினார். பிறகு நிமிர்ந்து கிழக்கே பார்த்தார்.