மட்டை தட்டாத நாள்

நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற நகரப் பகுதியில் குளிர் தாங்காமல் நான் நுழைந்த கட்டடம் ஐஸ் ஹாக்கி அரங்கமாக இருக்கிறது. பார்வையாளர் வரிசையில் நான் மட்டும். கீழே ஒருவர் டிராக்டர் போன்ற வண்டியை ஓட்டி, வெந்நீர் விட்டுப் பனித்தளத்தை மெழுகிக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் தடுப்போரம் வண்டியை நிறுத்துகிறார்.

"தமிழோ?"

"ஆமாங்க. சென்னை."

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பதினைந்து வருடமாக இங்கே ஐஸ் போடுகிறார். இந்தப் பகுதியின் கால்பந்து கிளப் மேல் பிரிவுக்கு ஏறிவிட்டதாம். அவர்களின் குளிர்காலப் பயிற்சிக்காக, அடுத்த வருடம் பனியை எடுத்துவிட்டுச் செயற்கைப் புல் விரிக்கப்போகிறார்கள். ஹாக்கி அணி ஆற்றைத் தாண்டி லொங்குய்யில் இடம் தேட வேண்டும்.

"அப்ப உங்களுக்கு ஃபுட்பால் மேல கோவமா?"

"கோல் காக்கிறது என்ர மகன். அவன் பெனால்டியைப் பிடிச்சபடியாத்தான் கிளப் ஏறினது. இவைக்கும் அது தெரியும்."

'இவை' என்று அவர் காட்டும் ஹாக்கி வீரர்கள் கதவருகே காத்திருக்கிறார்கள்.

"முந்தி நான் ஐஸ் போட்டு முடிய, எல்லாரும் மட்டையை நிலத்தில தட்டுவினம். வாயால சொல்லமாட்டினம். அதுதான் இவையின்ர நன்றி."

மிச்ச ஓரத்தையும் மெழுகிவிட்டு, வண்டியை உள்ளே விட்டு, கதவோரம் வந்து நிற்கிறார். வீரர்கள் அவரைக் கடந்து பனியில் இறங்குகிறார்கள். சறுக்குக் கத்திகள் கீறும் சத்தம் மட்டும் கேட்கிறது. அவர் போகாமல் நிற்கிறார்.

நான் எழுந்து கைதட்டுகிறேன். கம்பளிக் கையுறையில் சத்தமே வரவில்லை.