மிஞ்சிய இரண்டு சொற்கள்

தண்ணீர் டம்ளர் படத்தைக் காட்டி, "இது என்னங்க ஐயா?" என்று கேட்டேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாற்காலியில் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, முதுகை வளைத்துக்கொண்டு, "சரிங்க சாமி" என்றார். பசு மாட்டின் படத்துக்கும் அதையேதான் சொன்னார். பெயரைக் கேட்டபோதும் அதுதான் வந்தது. பக்கவாதத்தில் மூளையின் பேச்சுப் பகுதி அடிபட்டவர்களில் சிலருக்கு மொழி மொத்தமும் போய், வாழ்நாளெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய ஏதோ ஒன்று மட்டும் நாக்கில் தங்கிவிடும். ஒருவருக்கு முருகா, இன்னொருவருக்குக் கெட்ட வார்த்தை. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் பேச்சுப் பயிற்சி கொடுத்துப் பிழைக்கும் எனக்கு இது புதிதல்ல. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மகள், யாரோ அறைந்ததைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவரை நாங்கள் டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். தனியார் கல்லூரி ஒன்றில் தமிழ் சொல்லிக்கொடுத்தபடி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். நம் பக்கத்துத் தமிழில் மரியாதைச் சொற்கள் யார் வாயிலிருந்து யாரை நோக்கிப் போயின, நிலம் யார் கையில் இருந்தது என்பதற்கும் அதற்கும் என்ன உறவு என்பதுதான் அவருடைய கேள்வி. பழைய மனுக்களையும் பத்திரங்களையும் தேடிப் படித்திருந்தார். ஆட்டையாம்பட்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கூலிக்காரர்களும் நிலத்துக்காரர்களும் பேசிக்கொள்வதை இரண்டு தரப்பின் சம்மதத்தோடும் பல ஆண்டுகள் பதிவு செய்திருந்தார். அந்தத் தோட்டங்களில் ஒன்றில்தான் அவருடைய அப்பா நினைவு தெரிந்த நாளிலிருந்து வேலை செய்தார். அப்பாவின் குரலும் அந்தப் பதிவுகளில் நிறைய இருந்தது.

"கொங்குத் தமிழ் மரியாதையான தமிழுன்னு எல்லாரும் பெருமையாச் சொல்றாங்க மேடம்," என்று ஒருநாள் சொன்னார். "எங்க ஊட்ல நாங்க யாரும் யாருக்கும் 'ங்க' போட்டதில்லீங்க. தோள்ல கெடக்குற துண்டை எடுத்து இடுப்புல கட்டற மாதிரி, தோட்டத்து வாசலுக்குப் போனாத்தான் எங்கப்பன் வாயில அது வரும். அங்க இருக்கிற சின்னப் பையனுக்கும் போடோணும். அந்தப் பையன் எங்கப்பனை 'வாடா'ன்னு கூப்பிடுவான்." சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. பாடம் நடத்துகிறவரின் நிதானம்தான் இருந்தது. அந்த நிதானம் எங்கள் அறைக்கு வந்த சில வாரங்களிலேயே உடைந்துபோனது.

முதலில் அது சோற்றுப் பிரச்சினையாகத்தான் வந்தது. பெரியவருக்கு மறுப்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தபோது சாப்பிட்டாயிற்றா என்று நர்ஸ் கேட்டால் சரிங்க சாமி. ஆள் பட்டினி. வலிக்கிறதா என்றாலும் சரிங்க சாமி, வலிக்கவில்லையே என்றாலும் சரிங்க சாமி. தலையும் கூடவே ஆடும். இப்படியே விட்டால் ஆபத்து என்று, வேறெந்தச் சொல்லுக்கும் முன்பு 'வேண்டாம்' என்பதைக் கற்றுக்கொடுக்க முயன்றேன். உதட்டைக் குவித்து, கண்ணாடி வைத்து, பாட்டாகப் பாடி என்று எல்லா வழியும் பார்த்தேன். டீச்சர் அப்பாவின் முன்னால் முழங்காலிட்டு, "மாட்டேன்னு சொல்லு அப்பா. ஒரே ஒரு தடவை. எங்கிட்டச் சொல்லு. போடீன்னாவது சொல்லு" என்று கெஞ்சுவார். பெரியவர் மகளின் வாயையே உற்றுப் பார்ப்பார். கழுத்து நரம்பு புடைக்கும், நெற்றி வேர்க்கும். கடைசியில் அதே இரண்டு சொற்கள் வந்து விழும். சொன்னது தப்பு என்று அவருக்குத் தெரியும். கண் கலங்கிவிடும். கடைசியில் சொல்லை விட்டுவிட்டு, வேண்டாததை இடது கையால் தள்ளப் பழக்கினேன். அதற்கே ஒரு மழைக்காலம் போயிற்று.

அந்த நாட்களில்தான் டீச்சர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். "எங்கப்பன் என்னைச் சொல்றது எந்தச் சாமிங்க மேடம்?"

எனக்கு உடனே விளங்கவில்லை. அவரே விளக்கினார். இந்தப் பக்கத்தில் பெற்றவர்கள் பிள்ளையைக் கொஞ்சுவதும் சாமி என்றுதான். கூலிக்காரர் நிலத்துக்காரரைக் கூப்பிட்டதும் சாமி என்றுதான். ஒரே சொல், ஒன்று மடியில் இருக்கும் குழந்தைக்கு, மற்றொன்று கட்டிலில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு. சிறுமியாக இருந்தபோது அப்பா தன்னையும் சாமி என்று கூப்பிட்டதாக அவருக்கு ஞாபகம். கொஞ்சும் சாமி இழுபட்டு மேலே போகும், பயந்த சாமி வெடுக்கென்று கீழே இறங்கி நின்றுவிடும் என்று தன் பதிவுகளை வைத்து ஆய்வேட்டில் ஓர் இயலே எழுதியிருந்தார். அன்றிலிருந்து அப்பா அவரிடம் சொல்லும் ஒவ்வொரு சாமியையும் போனில் பதிவு செய்தார். பயிற்சியைப் பாதியில் நிறுத்தச் சொல்லி, ஒலித்த குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார். "பாவம், அவரைக் கொஞ்சம் விடுங்க டீச்சர்" என்று நான் அதட்டியதும் உண்டு.

ஒரு மதியம் தோட்டத்துக்காரரின் மகன் பார்க்க வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். கையில் ஆப்பிள் பை. படியேறி வரும் குரலைக் கேட்டதுமே பெரியவர் எழுந்திருக்க முயன்று, வலது கால் ஊன்றாமல் சரிந்தார். நான் தாங்கிக்கொண்டேன். "எந்திரிக்காதடா, உக்காரு உக்காரு. என்னைத் தெரியுதாடா?" என்று கேட்டபடி அவர் பெரியவரின் விழுந்துபோன கையைப் பிடித்துக்கொண்டார். "சின்னதுல என்னைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவன் மேடம்," என்று என்னிடம் சொன்னபோதும் அந்தக் கையை அவர் விடவில்லை. கெட்ட மனிதர் என்று என்னால் சொல்ல முடியாது. பெரியவர் சரிங்க சாமி என்றார். டீச்சரின் போன் மேசையில் பதிவு செய்தபடி ஓடிக்கொண்டிருந்தது.

வந்தவர் போன பிறகு, டீச்சர் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டார். தோட்டத்துக்காரர் மகனுக்குச் சொன்னது, அன்று காலை தனக்குச் சொன்னது. மறுபடியும் போட்டார்.

"உங்களுக்குக் காது பழகியிருக்கு மேடம். நீங்க சொல்லுங்க. வித்தியாசம் இருக்குதா?"

இல்லை. ஏற்ற இறக்கம், நீளம், மூச்சு விடும் இடம் எல்லாம் ஒன்றுதான். நோய் குரலையும் தட்டையாக்கிவிடும், இதை வைத்து மனதில் என்ன இருக்கிறதென்று முடிவு செய்ய முடியாது என்று சொன்னேன். அது உண்மைதான். அவர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"அவங்க முன்னால கைகட்டி நின்னு பேசினதெல்லாம் எங்கிட்ட இருக்குதுங்க. நாள்கணக்காப் போட்டுக் கேக்கலாம். சின்னதுல என்னையக் கூப்பிட்டது ஒன்னுகூட இல்ல. அதையெல்லாம் யாருங்க பதிவு பண்ணி வெப்பாங்க? இப்ப ஒப்பிட்டுப் பாக்க எனக்கு என்ன இருக்குது?" சத்தமே இல்லாமல் வாயைத் திறந்து அழுதார். பெரியவர் மகளைப் பார்த்துப் பதறி, என்ன செய்வதென்று தெரியாமல், தனக்கு மிஞ்சிய அந்த இரண்டு சொற்களையே திரும்பத் திரும்பச் சொல்லி ஆறுதல் படுத்தப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் டீச்சர் இன்னும் மோசமாக அழுதார். அவரை நிறுத்த என்னால் முடியவில்லை, பெரியவரையும்தான். கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருந்தவர்களை நாளைக்கு வரச் சொன்னேன்.

ஆடியில் பெரியவருக்கு இரண்டாவது தடவை பக்கவாதம் வந்தது. அதற்குப் பிறகு அந்தச் சொற்களும் போய்விட்டன. மகள் ஊட்டிய கஞ்சியை, நான் பழக்கிய இடது கையால் அவர் தள்ளியதாக டீச்சர் போனில் சொன்னார். "என்னையப் பாத்து எங்கப்பன் வேண்டாம்னு சொன்னது இது ஒன்னுதாங்க," என்றார். சில நாளில் எல்லாம் முடிந்தது. துக்கம் கேட்கப் போனபோது வீட்டு வாசலில் ஒரு பக்கம் தோட்டத்துக்காரர்களுக்குத் தனியாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். டீச்சர் எதையும் கவனிக்கும் நிலையில் இல்லை.

போன மாதம் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். நரை தெரிந்தது. ஆய்வேட்டைக் கொடுத்துப் பட்டமும் வாங்கிவிட்டாராம். சாமியைப் பற்றிய இயலை மட்டும் எடுத்துவிட்டுத்தான் கொடுத்தாராம். "வழிகாட்டிக்கு ரொம்ப வருத்தம். அதுதான் நல்ல இயல்னு சொன்னாரு. எது எந்தச் சாமின்னு எனக்குத்தான் தெரியாதுன்னு ஆயிப்போச்சுங்களே" என்றார். பதிவுகளை இப்போதும் கேட்பதுண்டா என்று கேட்டேன். அவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். நான்கு வயதிருக்கும் மகள் அவர் கையை உதறிக்கொண்டு, பின்னால் நகர்ந்துகொண்டிருந்த ராசிபுரம் பஸ்ஸை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

"சா..." என்று தொடங்கியவர் உதட்டைக் கடித்து நிறுத்தினார். கண்டக்டர் விசில் ஊதிக் கத்தினார். பஸ்ஸின் பின்பக்கம் குழந்தையை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதும் அந்தத் தாயின் தொண்டை வேறொரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பிறகுதான், நிலையம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, மகளின் பெயரைச் சொல்லி அலறினார். குழந்தை நின்றது.