சனி பெயரும்வரை நின்ற வண்டி

போன மாதம் என் மகனுடைய மோட்டார் சைக்கிளைக் கொல்லைப்புற அறைக்குள் ஏற்றி நிறுத்தினோம். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் வேலை முடிந்து வருகிற வழியில் அவனுக்கு வலிப்பு வந்து, வண்டியோடு சாலையோரம் சாய்ந்துவிட்டான். பின்னால் நிலக்கரி லாரி வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் நிறுத்திவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அவன் கையை விரித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் சாவியின் பற்கள் பதிந்திருந்தன. கூடியவர்களில் யாரோ, இரும்பு கொடுத்தால் நிற்கும் என்று வண்டிச் சாவியையே கையில் திணித்திருக்கிறார்கள். அதனால் எதுவும் நிற்காது என்று டாக்டர் சொன்னார். எனக்குத் தெரியும் என்றேன். அந்தத் தடத்தை இதற்கு முன்பும் ஒரு கையில் பார்த்திருக்கிறேன்.

மாத்திரை, நேரத்துக்குத் தூக்கம், டாக்டர் சொல்லும்வரை வண்டி கிடையாது. இவ்வளவுதான். ஆனால் எதிர்வீட்டுக்காரர் அக்கறையாக வந்து, கேட்பவர்களிடம் ஏழரைச் சனி நடக்கிறது என்று சொல்லிவிடுங்கள், நாளைக்குப் பையனுக்குப் பெண் பார்க்க வேண்டாமா என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அவர் என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ.

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது எங்கள் வீட்டிலும் ஒரு மோட்டார் சைக்கிளைச் சனி பிடித்திருந்தது. அது சித்தப்பாவுடையது. அப்பாவின் தம்பி. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார், கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். எங்கள் ஊர் திருவேட்டக்குடி போகிற வழியில் இருக்கிறது. ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கத்திலிருந்து ஓயாத கடற்காற்று. அந்தக் காற்றில் சைக்கிள் மணிகூட ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடும். சித்தப்பாவின் கறுப்பு வண்டி மட்டும் முகம் பார்க்கிற மாதிரி இருக்கும். பெட்ரோல் டாங்கியின் மேல் என்னை உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் விடுவார். வழியில் கண்ணை மூடித் தூங்குவதுபோல நடிப்பார். நான் கத்துவேன். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு.

அதனால் அன்றைக்கு அவர் தலை ஒரு பக்கமாகத் திரும்பியபோது நான் சிரித்தேன். வண்டி சாலையை விட்டு இறங்கியபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். நடவு நடந்துகொண்டிருந்த வயல். சேறு எங்களைத் தாங்கிக்கொண்டது. சித்தப்பா மல்லாந்து கிடந்து கையையும் காலையும் உதறினார். சேற்றில் நீந்திக் காட்டுகிறார் என்று நினைத்து, "போதும் சித்தப்பா, யூனிபார்மெல்லாம் சேறு" என்றேன். நட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி வண்டியிலிருந்து சாவியைப் பிடுங்கி அவர் கையில் வைத்து அழுத்தினாள். சேற்றில் விழுந்து தொலைந்துவிடக் கூடாதே என்று சாவியைப் பத்திரப்படுத்துகிறாள் என்று நினைத்தேன்.

அம்மாவும் அப்பாவும் அவரைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். திரும்பி வந்த சாயங்காலம், வாசலில் விசாரிக்க வந்த ஜனத்துக்கு அம்மா ஒரே பதிலாகச் சொன்னாள். "தம்பிக்கு நேரம் சரியில்ல. சனி பெயர்ற வரைக்கும் வண்டியில ஏறக் கூடாதுன்னுட்டாங்க."

யார் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை. திருநள்ளாற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் அந்தப் பதிலுக்கு மேல் கேள்வி கேட்கமாட்டார்கள். வண்டியே கறுப்பு, இரும்பு, எண்ணெய் குடிப்பது, வேறென்ன நடக்கும் என்று அடுத்த வீட்டு அத்தை எல்லாவற்றையும் பொருத்தியும் காட்டிவிட்டார். சனிக்கிழமை என்றால் துணி துவைக்கிற நாள் என்பதற்கு மேல் எதுவும் நினைக்காத அம்மாவுக்கு இவ்வளவு பக்தி வந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அதன் பிறகு சனியின் சட்டங்கள் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்தன. சித்தப்பா குளத்துக்குத் தனியாகப் போகக் கூடாது. கிணற்றுக் கட்டையில் உட்காரக் கூடாது. தென்னை மரம் ஏறக் கூடாது. இரவு நெடுநேரம் விழித்திருக்கக் கூடாது, சாப்பிட்டதும் ஒரு சத்து மாத்திரை போட வேண்டும். குளியலறைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போடக் கூடாது. ஏன் என்று அம்மாவிடம் கேட்டேன். சனிக்குத் தாழ்ப்பாள் பிடிக்காது என்றாள். நான் அதை மனப்பாடம் செய்துகொண்டேன். அந்த வீட்டில் சனியை உண்மையாக நம்பியது நான் ஒருத்திதான் என்பது பிற்பாடு தெரிந்தது.

அந்த வார இறுதியில் சித்தப்பா வண்டியை உள்ளே வைத்தார். விதைநெல் மூட்டை அடுக்குகிற அறையில் ஒரு பக்கத்தைக் காலி செய்து கொடுத்தார் அப்பா. சித்தப்பா முதலில் உப்பு போக நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவி, வெயிலில் நிறுத்திக் காயவைத்தார். பெட்ரோலைக் கடைசிச் சொட்டு வரை இறக்கினார். பேட்டரியைக் கழற்றிப் பலகைமேல் வைத்தார். ப்ளக்கைக் கழற்றி, அந்தத் துளைக்குள் கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கினார். எலியும் குளவியும் புகாமல் சைலன்சர் வாயில் துணி அடைத்தார். நடு ஸ்டாண்டு போட்டு, முன் சக்கரமும் தரையைத் தொடாதபடி அடியில் கட்டை வைத்தார். அப்பா தார்ப்பாய் கொண்டுவந்தார். சித்தப்பா வேண்டாம் என்றுவிட்டார். கடற்காற்றுக்கு அது உள்ளே வியர்க்கும், மூடி வைத்தே துருப்பிடிக்க வைத்துவிடும். அம்மா தன் பழைய நூல் புடவை ஒன்றைக் கொடுத்தாள். பச்சைப் புடவை கட்டிக்கொண்டு, விதைநெல்லுக்குப் பக்கத்தில் வண்டி நின்றது.

சாவியை அம்மாவிடம் கொடுத்து, "நானே கேட்டாலும் குடுக்காதீங்க அண்ணி" என்றார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் புடவையை எடுத்துவிட்டு வண்டியைத் துடைப்பார். இரண்டு சக்கரங்களையும் சுற்றிவிடுவார். செயினுக்கு எண்ணெய் வைப்பார். பரிகாரம் செய்கிறார் என்று தெருவே நம்பியது. நானும் என் பங்குக்கு ஒரு நாள், சனிக்கு உகந்தது நல்லெண்ணெய்தான் என்று கிண்ணம் நிறையக் கொண்டுபோய்ச் செயினில் ஊற்றிவிட்டேன். அடுத்த வாரத்துக்குள் அது பிசினாக இறுகி, எறும்பு மொய்த்துவிட்டது. சித்தப்பா அதைச் சுரண்டிக்கொண்டே, விழுந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

ஆனால் எல்லா நாளும் சிரிக்கவில்லை. ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம், அலுவலகத்திலிருந்து பேருந்துக்குக் காத்திருந்து நனைந்து வந்தவர், உடை மாற்றாமலே அடுப்படி வாசலில் நின்று சாவியைக் கேட்டார். தெருமுனை வரைக்கும்தான் என்றார். அம்மா அரிசி களைவதை நிறுத்தவில்லை.

"நீங்க கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு ஒருத்தர் சொல்லியிருக்காரு தம்பி. அவர் பேச்சை நான் மீற முடியாது."

"யாரு?"

"நீங்கதான்."

சித்தப்பா திரும்பி வண்டி இருந்த அறைக்குள் போனார். சனிக்கிழமையாக இல்லாவிட்டாலும் அன்றைக்குச் சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டது.

பெயர்ச்சிக்கு ஒரு வருஷத்துக்கும் மேல் இருந்தபோது ஒரு பெண் வீட்டு விவரம் வந்தது. ஊர் திருநள்ளாறு. பெண்ணின் அப்பா அங்கே கோயிலுக்கு வருகிறவர்கள் தங்கச் சின்னதாக ஒரு லாட்ஜ் வைத்திருந்தார். சொல்லாமல் கட்டிவைக்க அம்மாவுக்கு மனம் இடம் கொடுக்கவில்லை. சொன்னால் நடக்காது என்றும் தெரியும். போய்ப் பார்க்கலாம், பிறகு நானே சொல்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கோ பேருந்தில் கடைசி ஸீட் கிடைத்த சந்தோஷம்.

பெரியவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்க, நான் உள்ளே போய்விட்டேன். அங்கே பெண் மட்டும் இருந்தாள். எனக்கு ஒரு முறுக்கைக் கொடுத்துவிட்டு, உங்க சித்தப்பாகிட்ட மோட்டார் சைக்கிள் இருக்குன்னாங்களே, ஏன் பஸ்ல வந்தீங்க என்று கேட்டாள். இப்படி ஒரு கேள்விக்குத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன். திருநள்ளாற்றுக்காரிக்கே சனியைப் பற்றிச் சொல்லப்போகிற பெருமை வேறு. வண்டி, குளம், கிணறு, மரம், சத்து மாத்திரை என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். தாழ்ப்பாள் வந்தபோது அவள் பின்னிக்கொண்டிருந்த சடையை அப்படியே விட்டுவிட்டாள்.

"நான் பொறந்ததுலேருந்து இந்த ஊருதான். சனி தாழ்ப்பாளைப் பத்திச் சொன்னதா நான் கேட்டதே இல்லையே."

"உங்களுக்குத் தெரியாது. எங்க அம்மாவுக்குத் தெரியும்."

அவள் சிரிக்கவில்லை. பிறகு வண்டியைப் பற்றிக் கேட்டாள். எங்கே இருக்கிறது, ஓட்டாமல் கிடந்தால் கெட்டுப்போகாதா, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று. நான் கட்டையையும் புடவையையும் சைலன்சர் துணியையும் விளக்கினேன். வாராவாரம் அவரே செய்கிறாரா என்றாள். ஆமாம் என்றேன். ஒரு வாரம்கூட விட்டதில்லையா என்றாள். ஜுரம் வந்த சனிக்கிழமைகூட எழுந்து சக்கரம் சுற்றினார் என்றேன். அவள் சடையைப் பின்னி முடித்து, அம்மாவைக் கொல்லைப்பக்கம் கொஞ்சம் வரச் சொல்லு என்றாள். அம்மா அங்கிருந்து முகம் கழுவிக்கொண்டுதான் திரும்பி வந்தாள்.

அவள்தான் என் சித்தி. போன மாதம் மகனைப் பற்றிச் சொல்லத் தொலைபேசியில் அழைத்தபோது, அழுகைக்கு நடுவில் அந்த நாளைப் பற்றியும் கேட்டேன். சித்தி நிதானமாகச் சொன்னார். வலிப்புக்காரர்கள் தங்க வந்தால், தாழ்ப்பாள் போடாதீங்க என்று சொல்லித்தான் அவருடைய அப்பா அறைச் சாவியைக் கொடுப்பாராம். அதனால் நான் ஒப்பித்ததிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. எழுந்து போய் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். "ஓட்ட முடியாத வண்டியை ஒரு வாரம் விடாம பாத்துக்கிற மனுஷன், மாத்திரையை ஒரு நாளும் விடமாட்டாருன்னு தோணிச்சு. அதுக்கு மேல எனக்கு என்ன தெரியணும்?" கொல்லைப்பக்கம் அம்மாவிடமும் இதையேதான் சொன்னாராம். சித்தப்பா மாத்திரையை விடவில்லை. பெயர்ச்சியும் வந்தது, டாக்டரும் சரி என்றார். வண்டி இரண்டொரு உதையில் கிளம்பியது, சித்தி பின்னால் ஏறிக்கொண்டார். தெரு சனிக்கு நன்றி சொன்னது.

நான் சித்தியிடம் பேசிய மறுநாளே எதிர்வீட்டுக்காரரிடம் போய், என் மகனுக்கு வலிப்பு இருக்கிறது, மருந்து சாப்பிடுகிறான் என்று சொல்லிவிட்டேன். கேட்கிற எல்லோரிடமும் அப்படியே சொல்கிறேன். மகன் தார்ப்பாய் வாங்கிவந்தான். அதைத் திருப்பிக் கொடுக்க வைத்து என் பழைய புடவையைக் கொடுத்தேன்.

அன்றைக்குத் திருநள்ளாற்றிலிருந்து திரும்பும்போது சித்தப்பா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, உள்ளே என்ன பேசினீர்கள் என்று கேட்டார். வண்டியைப் பற்றி மட்டும்தான் கேட்டாள், உங்களைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. எனக்குத் தெளிவாகிவிட்டது. அவளுக்கு ஆசை வண்டிமேல்தான். வந்தவுடன் அதை எடுத்துக்கொள்வாள், டாங்கிமேல் என் இடமும் போய்விடும். இதை உடனே தடுத்தாக வேண்டும். எழுந்து முன் ஸீட்டுக்குப் போய் அம்மாவின் காதில், என்ன ஆனாலும் சாவியை மட்டும் அந்த அக்காவிடம் கொடுத்துவிடாதே என்றேன்.

அம்மா இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அவகிட்டதான்டி குடுக்கப்போறேன்" என்றாள்.

காரைக்கால் வரும்வரை நான் அம்மாவோடு பேசவில்லை.