ஸ்னெஃப்ரு ராஜாவும் அப்பாவின் கல்லறையும்

மழையில் ஊறிய கரிசல் மண்ணின் வாடையும் உருகும் மெழுகின் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறினால் எனக்கு எகிப்து தேசம்தான் நினைவுக்கு வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம் ஆடி மாதத்தில், பருத்தி 'லோடு' ஏற்றிப்போன லாரி காரியாபட்டி ரோட்டில் கவிழ்ந்து அப்பா இறந்துபோனார். எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவரைப் புதைத்தார்கள். நான் அழவில்லை, யாரிடமும் பேசவுமில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளினால் உறைக்காதே, உள்ளே அப்படித்தான் இருந்தது.

பள்ளி நூலகத்தில் எடுத்த படப்புத்தகம் ஒன்றில் எகிப்தின் நான்காம் அரச வம்சம் இருந்தது. முதல் ராஜா ஸ்னெஃப்ரு, அவர் மகன் கூஃபு, கூஃபு கட்டிய பெரிய பிரமிடு. எத்தனையோ ஆயிரம் வருஷமாகியும் அவர்கள் பெயர் நிற்கிறது. அப்பாவின் மண்மேடோ அதற்குள் அமுங்கத் தொடங்கியிருந்தது. அவர் பெயரும் அப்படியே போய்விடும் என்று பயந்தேன். ஒருநாள் சாப்பிடும்போது, "அப்பாவுக்குக் கல்லறை கட்டணும், கல்லறைத் திருநாளுக்குள்ள கட்டணும்" என்றேன். நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றும் நாள் அது. அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

எங்கள் பக்கம் கரிசலில் புதைத்தால், இரண்டு மழைக்காலம் போனபிறகுதான் மேலே கட்டுவார்கள். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மழையில் உப்புகிற மண் அது. கொத்தனார் மாமாவும் அதைத்தான் சொன்னார்: "மண்ணு இன்னும் உக்காரலம்மா. ரெண்டு மழை போகட்டும். இப்பக் கட்டுனா நிக்காது."

"புள்ள இப்பத்தான் வாயத் தொறந்து ஒண்ணு கேட்டிருக்கா. கட்டிருங்கண்ணே" என்றாள் அம்மா.

கட்டினார். நீலம் அடித்து அப்பாவின் பெயரையும் எழுதினார். திருநாளுக்கு முந்தின வாரம் ஐப்பசி மழை கொட்டியது. திருநாளன்று போய்ப் பார்த்தால் தலைமாட்டுப் பக்கம் இறங்கிச் சாய்ந்து, பெயரின் நடுவில் விரிசல் ஓடியிருந்தது. வைத்த மெழுகுவத்தி நிற்காமல் சரிந்தது. அம்மா ஓட்டுச் சில்லு ஒன்றைத் தேடி எடுத்து அதற்கு முட்டுக் கொடுத்தாள். யாராவது என்னை வைதிருந்தால் அன்றைக்காவது அழுதிருப்பேனோ என்னவோ. அந்தச் சில்லை மாதா படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தி, வருஷாவருஷம் கொண்டுவந்தாள்.

அருப்புக்கோட்டையில் கல்லூரி படிக்கும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. ஸ்னெஃப்ரு கட்டிய ஒரு பிரமிடும் அடிமண் தாங்காமல் விரிசல் விட்டதாம். பாதிக்கு மேல் சரிவைக் குறைத்து, கூன் விழுந்த மாதிரி முடித்தார்களாம். பிறகு அவர் வேறொன்றை நேராகக் கட்டிக்கொண்டார். நான் பார்த்த படப்புத்தகத்தில் அந்த விரிசல் கதை இல்லை. இருந்திருந்தால் பொறுத்திருப்பேனா என்று கேட்டால், சொல்லத் தெரியவில்லை.

இந்தப் புரட்டாசியில் அம்மாவும் போய்விட்டாள். தோட்டத்தில் வேறு இடமில்லை. அப்பாவின் கல்லறையை இடித்து அதே இடத்தில்தான் அம்மாவையும் வைத்தோம். நீலப் பூச்சும் பெயரும் இடிசலோடு போயின. கொத்தனார் மாமாவின் மகன் வந்து, "அக்கா, திருநாளுக்குள்ள கட்டிரவா?" என்று கேட்டான். "ரெண்டு மழை போகட்டும்" என்றேன்.

திருநாளன்று ஈர மண்மேட்டில் மெழுகுவத்தியைச் செருகினேன். நேராக நின்றது. பழக்கத்தில் எடுத்துப்போயிருந்த ஓட்டுச் சில்லை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்கே கொண்டுவந்தேன்.