வீட்டுக்காரருக்கு என்று வாங்கிய ரீல்

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு பில் போடும் வேலை. காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஆறு வரை ஒரே நாற்காலி, ஒரே கம்ப்யூட்டர். எனக்கோ ஓரிடத்தில் உட்கார வராது. மேசைக்கு அடியில் கால் தானாக ஆடும், மேசையும் சேர்ந்து ஆடும். எதிர் சீட்டில் இருக்கும் கணக்கர் தன் டீ டம்ளரைத் தூக்கிக் கையில் வைத்துக்கொள்வார். பதினொரு வருடமாக அப்படியே டீ குடிக்கிறார், பாவம். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன வருடம் ஒரு நாள் மாலை வீட்டுக்குப் போகும்போது எண்ணூர் சாலையில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் லாரி, பின்னால் லாரி. துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசை கட்டினால் எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. இறங்கி நடந்தேன். கடல் பக்கமாக நடந்தால் காற்றாவது வரும் என்று அந்தப் பக்கம் போனேன்.

அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீளமாகக் கருங்கல் கொட்டியிருக்கிறார்களே, அதன் மேல் நாலைந்து பேர் தூண்டிலோடு நின்றிருந்தார்கள். மூங்கில் கழி இல்லை, நூலைச் சுற்றும் ரீல் வைத்த நவீனத் தூண்டில். வேடிக்கை பார்க்க நானும் கல்மேல் ஏறினேன். பக்கத்தில் நின்றவருக்குப் போன் வந்தது. டோல்கேட் பக்கம் தையல் கடை வைத்திருப்பவர் என்று பின்னால் தெரிந்தது. "எக்கா, ஒரு நிமிசம் புடி" என்று தூண்டில் ராடை என் கையில் திணித்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனார்.

அந்த ஒரு நிமிடத்தில் ஏதோ இழுத்தது. கை, தோள், முதுகு என்று ஓர் அதிர்வு ஓடியது. ரீல் கிர்ரென்று கத்தியது. தண்ணீருக்கு மேல் வெள்ளையாக ஒரு பக்கம் புரண்டது தெரிந்தது. கொடுவா மீன். அடுத்த நொடி நூல் தொய்ந்துவிட்டது. தையல்காரர் ஓடி வந்து, "போச்சா? பரவால்ல, வுடு" என்றார். என்னால்தான் விட முடியவில்லை. அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கும்போதுகூட அந்த இழுப்பு கையிலேயே இருந்தது.

நான் பிறந்தது காசிமேட்டில். அம்மா ஏலத்தில் மீன் எடுத்து விற்றவள். கொடுவாவைப் பார்த்தால் கிலோ என்ன போகும் என்று சொல்வேன். செவுளைத் திறந்து எப்போது பிடித்தது என்று சொல்வேன். அதன் செவுள் மூடி கையைக் கிழிக்கும், எங்கே பிடித்தால் கிழிக்காது என்பதும் தெரியும். தூக்கியிருக்கிறேன், விற்றிருக்கிறேன், ஆய்ந்திருக்கிறேன், குழம்பு வைத்திருக்கிறேன். பிடித்ததில்லை. எங்கள் பக்கத்தில் மீன் கரைக்கு வந்த பிறகுதான் அது பெண்களுடையது. இப்படி யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. யாருக்கும் வேறு மாதிரி தோன்றவில்லை, அவ்வளவுதான். நாற்பத்தேழு வயது வரை எனக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் தூண்டில் வீடியோ பார்த்தேன். மதியச் சாப்பாட்டு நேரம், பஸ், குக்கர் விசில் வருவதற்கு இடையில் கிடைக்கும் நேரம், எல்லாமே தூண்டில் ரீல்தான். எங்கோ வெளிநாட்டில் குளக்கரையில் நின்றுகொண்டு பாஸ் என்று ஒரு மீனைப் பிடிக்கிறார்கள். வாயைப் பார்த்தால் நம் கொடுவாவுக்குத் தூரத்துச் சொந்தம் போலிருக்கும். பிடித்து, அளந்து, போட்டோ எடுத்து, முத்தம் கொடுத்துத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் ரீலைப் பற்றி நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு, நாலாயிரம் என்று ரீலுக்கு நம்பர் உண்டு. நம்பர் ஏற ஏற ரீல் பெரிது, கனமும் அதிகம். மீன் இழுக்கும்போது எவ்வளவு நூல் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை ஒரு திருகில் வைக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், ராடைப் பிடித்த கையின் ஆள்காட்டி விரல் நீண்டு நூலைத் தொட வேண்டும். வீசும்போது விரல்தான் நூலைப் பிடித்திருந்து சரியான நொடியில் விடுகிறது. விரல் எட்டவில்லையென்றால் அந்த ரீல் எத்தனை நல்லதாக இருந்தாலும் நமக்கானது இல்லை.

திங்கட்கிழமை இரண்டாயிரத்து ஐந்நூறு என்று முடிவு செய்வேன். செவ்வாய் காலை உப்புக் காற்றுக்குப் பெரியதுதான் தாங்கும் என்று வீடியோவில் ஒருவன் சொல்வான், மாற்றுவேன். புதன்கிழமை அவனைத் திட்டிவிட்டு மறுபடி சின்னதற்கே வருவேன். பில்லில் கன்டெய்னர் நம்பருக்குப் பதில் ரீல் நம்பரை அடித்து மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் அவருக்கு வேலை. திட்டுகிற ஆள் இல்லை, சிரிக்கிற ஆள். திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். சிரித்தால் என்ன செய்வது?

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் தூண்டில் கடைக்குப் போனேன். இரண்டாயிரத்து ஐந்நூறு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

"இன்னாக்கா வோணும்?" என்றார் கடைக்காரர்.

"ரீலு. கல்லு மேல நின்னு கொடுவாக்குப் போடுறதுக்கு."

"யாருக்கு?"

கடையில் இன்னும் மூன்று ஆண்கள் இருந்தார்கள். மூவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வூட்டுக்காரருக்கு" என்றேன்.

"ஆளு எப்பிடி? வாட்டசாட்டமா?"

"ஆமா. கூட்ஸ் யார்டுல வேலை."

"கையி?"

என் உள்ளங்கையைக் காட்டி, இதைவிட இரண்டு விரற்கடை பெரிது என்றேன். பொய் சொல்ல வந்த இடத்தில் அளவை மட்டும் உண்மையாகச் சொன்னேன் பாருங்கள், அதுதான் என் புத்தி.

"அப்போ ஐயாயிரம் போட்டுக்க. சின்னது அவரு கையில சாவிக்கொத்து மாறி இருக்கும்."

"அவருக்குச் சின்னதுதான் பிடிக்கும்."

"வாங்குறது நீ, புடிக்கப்போறது அவரு. ஆம்பள கைக்கு இன்னா வோணும்னு எனக்குத் தெரியாதாக்கா? நூலு மட்டும் சுத்தாம வெச்சுக்க. சரிப்படலன்னா பத்து நாளைக்குள்ள மாத்திக்கலாம்."

எனக்குத்தான் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். மீன் விலைக்காக அந்தத் துறைமுகத்தில் எத்தனை ஆண்களோடு தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்! அன்று அந்த ஒரு வார்த்தைக்கு வாய் திறக்கவில்லை. ஐயாயிரம் நம்பர் ரீலை வாங்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, வீடு துடைக்கும் மாப்புக் கட்டையில் ரீலை ரப்பர் பேண்டால் கட்டினேன். கையில் பிடித்து விரலை நீட்டினேன். எட்டவில்லை. ஓர் அங்குலம் பாக்கி. இன்னும் நீட்டினால் பிடி நழுவுகிறது. பத்து நிமிடம் கைப்பிடியைச் சுற்றியதில் மணிக்கட்டு வலித்தது. பெட்டியில் போட்டு பீரோவில் புடவைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அடுத்த சனிக்கிழமை போய் மாற்றிவிட வேண்டும், இந்த முறை உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் ஒத்திகை பார்த்தேன்.

வியாழக்கிழமை வேலையிலிருந்து வந்தால், வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் அந்தப் பெட்டி. ஆதார் கார்டு தேடப் போய்க் கிடைத்ததாம்.

"இன்னாமே இது?" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் நான் பயந்த சிரிப்பு இல்லை. "கல்யாண நாளுக்கா? எனக்கா?"

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கல்யாண நாள். எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை.

"ஆமா" என்றேன்.

அதன் பிறகு வீட்டில் என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. அவர் கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் ரீலைத் தொட்டார். சுற்றிப் பார்த்தார், காதருகே வைத்து அதன் சத்தம் கேட்டார், துணியால் துடைத்தார். யார்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம். "எம் பொஞ்சாதி எடுத்துக் குடுத்தான்னேன். ஒருத்தனும் நம்பல" என்று வெள்ளிக்கிழமை வந்து சொன்னார். அவருடைய சந்தோஷத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதே சமயம் பற்றிக்கொண்டும் வந்தது. என் ரீல் அது. இரண்டு மாதம் மண்டையைக் குடைந்துகொண்டு தேடியது நான். எனக்குப் பொருந்தாது என்றாலும் என்னுடையது. அதை ஒரு மனிதர் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு பாவமும் அறியாமல் சுற்றிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை முழுவதும் காரணமே இல்லாமல் பாத்திரங்களை இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை மாதா கோயிலில் பூசை முடிந்ததும், "வா, நூலு சுத்திகினு வந்துடலாம்" என்றார். நூல் சுற்றிவிட்டால் மாற்ற முடியாது. பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது.

கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். ரீலை ஒரு ராடில் மாட்டி வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். விரல் அலுங்காமல் போய் எட்டியது.

"பாத்தியாக்கா? சொன்னேன்ல. தலைவா, உன் கைய கரெக்டா அளந்து சொன்னாங்க."

"பின்ன? கட்டிகினு இத்தினி வருசம் ஆச்சே" என்றார் வீட்டுக்காரர். பெருமை தாங்கவில்லை. கடைக்காரர் நூல் உருண்டையை எடுத்து நுனியைத் தேட ஆரம்பித்தார்.

இருவரும் மீன், காற்று, நீரோட்டம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஓர் ஓரமாக நின்றேன். கண்ணாடி அலமாரி திறந்திருந்தது. கை தானாகப் போய் ஒரு சின்ன ரீலை எடுத்தது.

"அது வேணாங்கா, அவருக்குப் பத்தாது" என்றார் கடைக்காரர்.

"அவருக்கு இல்ல. எனக்கு."

நான் கத்தவில்லை என்றுதான் நினைத்தேன். தெருவில் போனவர் நின்று பார்த்ததால் கத்தியிருக்கிறேன் போல.

வீட்டுக்காரர் சிரித்தார். "உனக்கும் ஒண்ணா? எடுத்துக்கயேன்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆளுக்கு ஒன்று, ஊரே மெச்சும். ஆனால் அப்படி விட்டால் இது அவர் போகிற போக்கில் எனக்குக் கொடுத்ததாக ஆகிவிடும். அதை என்னால் தாங்க முடியாது என்று அந்த நொடியில் தெரிந்தது.

"அதுவும் எனக்குத்தான்யா வாங்குனது. கேக்க வெக்கமா இருந்துச்சு, உன் பேரைச் சொல்லிட்டேன். நீ பீரோலேர்ந்து எடுத்துட்ட."

கடைக்காரர் நூல் நுனியை இன்னும் கவனமாகத் தேடத் தொடங்கினார். வீட்டுக்காரர் ராடை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அப்போ கல்யாண நாளுக்கு எனக்கு இன்னா வாங்குன?"

"ஒண்ணும் வாங்கல."

அவர் முகம் விழுந்ததைப் பார்த்தேன். தாங்கவில்லை. வேறு யாராவது அந்த முகத்துக்குக் காரணமாக இருந்திருந்தால் அவரை அங்கேயே உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

பிறகு ராடை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். "பொய் சொல்லி குடுத்தாலும் குடுத்தது குடுத்ததுதான். இத்த நான் திருப்பித் தர மாட்டேன்" என்றார் கோபமாக. கடைக்காரரைப் பார்த்து, "மொதல்ல அவளுதுக்குச் சுத்துப்பா" என்றார்.

கடைக்காரர் சின்ன ரீலை ஒரு ராடில் மாட்டி என் கையில் கொடுத்து, விரலை நீட்டச் சொல்லிப் பார்த்தார். தலையாட்டினார். திரும்ப வாங்கி, மெஷினில் மாட்டி நூலைச் சுற்றத் தொடங்கினார். நானும் வீட்டுக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தோம்.

"இத என்னாண்ட சொல்றதுக்கு உனக்கு இன்னா பயம்?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"பயம் இல்ல. நீ எப்பவாச்சும் கேட்டியா, உனக்கு இன்னா ஆசைன்னு?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"கேக்கல" என்றார். "சரி, இப்போ கேக்குறேன். எனக்குத் தெரியாம இன்னும் இன்னா கீது?"

விளையாட்டாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். நான் சொல்ல ஆரம்பித்தேன். சின்ன ஆசையிலிருந்து தொடங்கினேன். முதல் இரண்டுக்குச் சிரித்தார், மூன்றாவதற்குச் சிரிக்கவில்லை, ஸ்டூலை என் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். கடைக்காரர் நூற்றைம்பது மீட்டர் நூலையும் சுற்றி, முடிச்சுப் போட்டு, நுனியை வெட்டி, ரீலைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். நான் இன்னும் முடித்திருக்கவில்லை.